முதலில் வந்தது பவர் இல்லை... சூப்பர் ஹீரோக்கள் எங்கிருந்து பிறக்கிறார்கள்? புதிதாக ஒருவரை உருவாக்க நினைப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்க வேண்டும். காமிக்ஸ், குறும்படம், யூடியூப் அனிமேஷன் என எந்த வடிவமாக இருந்தாலும், இந்த ஆசையோடு உட்காருகிறவர்கள் நோட்டில் முதலில் எழுதுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "என்ன பவர் கொடுக்கலாம்?"

பறக்கலாமா? சூப்பர்மேன் பறந்துவிட்டார். மறையலாமா? இரும்புக்கை மாயாவி மறைந்துவிட்டார். சுவரில் ஏறலாமா? அதற்கும் ஆள் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பட்டியல் தீர்ந்துபோய், "எல்லாத்தையும் ஏற்கனவே எடுத்துட்டாங்கப்பா" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் உலகம் முழுக்கத் தெரிந்த சூப்பர் ஹீரோக்கள் பிறந்த கதையைப் பார்த்தால், அவர்களில் பலர் பவரிலிருந்து பிறக்கவில்லை என்பது தெரியும். படைத்தவர்கள் வாழ்ந்த தெரு, பார்த்த வேலை, பட்ட பயம், சின்ன வயதில் கேட்ட கதை ஆகியவைதான் முதலில் வந்தன. பவர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அது எப்படி நடந்தது, இங்கே ஒருவர் எங்கே தேடலாம், கண்டுபிடித்த கதாபாத்திரம் கைவிட்டுப் போகாமல் எப்படி வைத்துக்கொள்வது? விரிவாகப் பார்க்கலாம்.

சூப்பர்மேன் முதலில் வில்லன்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரம். 1930களின் தொடக்கம். பொருளாதாரப் பெருமந்தத்தில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்து, இலவச ரொட்டிக்காக வரிசையில் நின்ற காலம். அங்கே கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு பையன்கள். இருவரும் புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஜெர்ரி எழுதுவார், ஜோ வரைவார்.

1933 ஜனவரியில், தாங்களே நகலெடுத்து வெளியிட்ட சிறுபத்திரிகையில் இவர்கள் ஒரு கதை போட்டார்கள். அதில் ஒரு விஞ்ஞானி, ரொட்டி வரிசையில் நிற்கும் ஏழை ஒருவனை அழைத்துப் போய் மருந்து கொடுக்கிறார். அவனுக்கு மற்றவர்களின் மனதைப் படிக்கும் சக்தி வருகிறது. சக்தி வந்ததும் உலகத்தையே ஆள நினைக்கிறான். மருந்தின் வீரியம் குறைந்ததும் பழையபடி அதே வரிசைக்குத் திரும்ப வேண்டியதாகிறது. அந்த வில்லனுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'சூப்பர்மேன்'.

ஆக, பெயர் இருந்தது, பவர் இருந்தது. ஆனால் இன்று நாம் கொண்டாடும் ஆள் அதில் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1932 ஜூனில், ஜெர்ரியின் அப்பா தன் பழைய துணிக்கடையில் இருந்தபோது திருட வந்தவர்களை எதிர்கொண்டார். அந்த அதிர்ச்சியில் அங்கேயே சுருண்டு விழுந்து இறந்துபோனார். துப்பாக்கிக் குண்டு துளைக்காத, பலவீனர்களுக்காக ஓடி வரும் ஒருவனை அந்த வீட்டுப் பையன் ஏன் கற்பனை செய்தான் என்பதற்கு இந்த மரணத்தைக் காரணமாகக் காட்டும் ஆய்வாளர்கள் உண்டு. அதை நிரூபிக்க வழி கிடையாது. ஆனால் அடுத்தடுத்த வரைவுகளில் வில்லன் ஹீரோவாக மாறினான் என்பது மட்டும் நிச்சயம்.

1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் வெளியானபோது அவருக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவார், அவ்வளவுதான். அந்த முதல் கதையில் வேற்றுகிரகவாசிகளும் இல்லை, உலக அழிவும் இல்லை. செய்யாத கொலைக்காக மின்சார நாற்காலிக்குப் போகவிருந்த பெண்ணைக் காப்பாற்றுகிறார். மனைவியை அடிக்கும் கணவனைப் புரட்டி எடுக்கிறார். ஊழல் அரசியலுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் துரத்துகிறார். அன்றைய செய்தித்தாளில் தினமும் வந்த பிரச்னைகள்தான் இவை.

கடன் வாங்கியது எவ்வளவு?

'ஒரிஜினல்' என்றால் எங்கிருந்தும் எதையும் எடுக்காதது என்று நினைப்பவர்கள் சூப்பர்மேனின் கணக்கைப் பார்க்க வேண்டும். கிளார்க் கென்ட் என்ற பெயர், கிளார்க் கேபிள், கென்ட் டெய்லர் என்ற இரண்டு சினிமா நடிகர்களிடமிருந்து வந்தது. கண்ணாடி போட்ட அந்த அப்பாவித் தோற்றம், மௌனப் பட நகைச்சுவை நடிகர் ஹரோல்டு லாயிடுடையது. இறுக்கமான உடை, சர்க்கஸ் பயில்வான்கள் போட்டது. மெட்ரோபோலிஸ் நகரத்தின் பெயர் 1927ல் வந்த ஜெர்மன் படத்தின் தலைப்பு.

இவற்றைவிட சுவாரஸ்யமானது ஒன்று உண்டு. ஜோ ஷூஸ்டர் பிறந்தது கனடாவின் டொராண்டோ நகரில். சிறுவனாக இருந்தபோது அங்கே 'டொராண்டோ ஸ்டார்' பேப்பரைத் தெருவில் விற்றவர். கிளார்க் கென்ட் முதலில் வேலை பார்த்த பத்திரிகையின் பெயர் 'டெய்லி ஸ்டார்'. அது 'டெய்லி பிளானட்' ஆனது பிறகுதான். சினிமாவிலிருந்து எடுத்ததை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். பேப்பர் விற்ற பையனின் நினைவு ஜோவிடம் மட்டும்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தக் கதாபாத்திரத்துக்கு உயிர் வந்தது.

கடன் வாங்குவதற்கும் காப்பி அடிப்பதற்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது? அடுத்த ஆண்டே அதற்கும் விடை கிடைத்தது. சூப்பர்மேன் பிரமாதமாக விற்பதைப் பார்த்த விக்டர் ஃபாக்ஸ் என்ற பதிப்பாளர், அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார். 1939ல் 'வொண்டர்மேன்' வந்தான். குண்டு துளைக்காது, தாவுவான், சாதாரண உடைக்குள் வீரர் உடை. சூப்பர்மேனின் உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வொண்டர்மேன் ஒரே இதழோடு முடிந்தான். 1940ல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு சொன்னதன் சாரம் இதுதான்: நல்லது செய்யும் பலசாலி என்ற பொதுவான வகை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்த வகைக்குள் ஒருவர் உருவாக்கிய குறிப்பிட்ட விவரங்களை அப்படியே எடுப்பது தவறு.

வொண்டர்மேனை வரைந்தவர் வில் ஐஸ்னர். பின்னாளில் 'தி ஸ்பிரிட்' தொடராலும் தன் கிராஃபிக் நாவல்களாலும் உலகப் புகழ் பெற்று, காமிக்ஸ் உலகின் உயரிய விருதுக்கே பெயராக நிற்பவர். அவ்வளவு திறமை இருந்தும், மேலேயிருந்து வந்த 'அதே மாதிரி' என்ற உத்தரவு அவரை ஒரு இதழுக்கு மேல் கொண்டுபோகவில்லை.

"சிலந்தியை யாருக்கும் பிடிக்காது"

1962. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனை உருவாக்குகிறார்கள். சுவரில் ஊர்ந்த பூச்சியைப் பார்த்து ஐடியா வந்தது என்று லீ பல முறை சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அது உண்மையா என்பது தனக்கே சந்தேகமாகிவிட்டது என்றும் சிரித்திருக்கிறார். பூச்சியை விடுங்கள். கவனிக்க வேண்டியது பதிப்பாளர் மார்ட்டின் குட்மேன் சொன்ன ஆட்சேபணைகளை.

சிலந்தி என்றால் மக்களுக்கு அருவருப்பு. பதின்வயதுப் பையன் ஹீரோவுக்கு எடுபிடியாகத்தான் இருக்க முடியும், ஹீரோவாக முடியாது. சூப்பர் ஹீரோவுக்கு எதற்கு சொந்தப் பிரச்னைகள்? அதுவரை வந்த காமிக்ஸை வைத்துப் பார்த்தால் மூன்றும் நியாயமான கேள்விகள். எப்படியும் நிறுத்தப்படவிருந்த ஒரு பத்திரிகையின் கடைசி இதழில்தான் ஸ்பைடர்மேனுக்கு இடம் கிடைத்தது. பதிப்பாளர் வேண்டாம் என்று சொன்ன அந்த மூன்று விஷயங்களால்தான் வாசகர்கள் பீட்டர் பார்க்கரைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டு வாடகைக்கும் அத்தையின் மருந்துக்கும் காசில்லாத சூப்பர் ஹீரோவை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

முகம் முழுவதையும் மூடும் அந்த முகமூடி டிட்கோவின் யோசனை. உள்ளே இருப்பது எந்த நிறத்தவர், எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. 2011ல் மைல்ஸ் மொராலஸ் என்ற கறுப்பின-லத்தீன் பின்னணி கொண்ட பையன் அதே முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டபோது அது பொருந்திப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில விஷயங்கள் விபத்தாகவும் அமையும். அதே 1962ல் வந்த ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறம். அச்சில் அந்த நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறித் தெரிந்ததால், இரண்டாவது இதழிலேயே பச்சைக்கு மாற்றினார்கள்.

படைப்பாளியின் வேலையே ஹீரோவானதும் உண்டு. வொண்டர் உமனை 1941ல் உருவாக்கிய வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் ஒரு உளவியலாளர். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனையில் முன்னோடி. வொண்டர் உமனின் கயிற்றில் சிக்கியவர் அவர் சொன்னதைக் கேட்டே ஆக வேண்டும். காலப்போக்கில் அது உண்மையைப் பேச வைக்கும் கயிறாகவே நிலைத்துவிட்டது. அவருடைய கை வளையங்கள், மார்ஸ்டன் குடும்பத்தோடு வாழ்ந்த ஆலிவ் பைர்ன் என்ற பெண் அணிந்திருந்தவற்றைப் பார்த்து வந்தவை.

சிவகாசிக்கு வந்த இரும்புக்கை

தமிழில் சூப்பர் ஹீரோ என்றதும் ஒரு தலைமுறைக்கு நினைவு வருவது 'சக்திமான்'. அதற்கும் முந்தைய தலைமுறைக்கு இரும்புக்கை மாயாவி. சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான், 1972ல். சட்டைப் பையில் இருந்த சில்லறையைக் கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு, மின்சார பிளக்கைப் பயத்தோடு பார்த்த பையன்கள் இன்று தாத்தாக்கள்.

மாயாவி உண்மையில் பிரிட்டன்காரர். 1962ல் 'வேலியன்ட்' வார இதழில் வந்த தொடரின் தமிழ் வடிவம். சோதனைக்கூட உதவியாளர் ஒருவர் விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறார். உடலில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

இதன் அழகு மறைவதில் இல்லை. கை மறையாமல் போவதில்தான் இருக்கிறது. முழுதாக மறைந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ஒளிய முடியாத ஒரு கை இருப்பதால் ஒவ்வொரு பக்கத்திலும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. பவர் பட்டியல் போடுகிறவர்கள் அதன் பக்கத்திலேயே இன்னொரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம்: இந்த ஆளால் என்ன முடியாது?

தமிழ் சினிமா இந்தப் பக்கம் அவ்வப்போது வந்து போயிருக்கிறது. 2009ல் வந்த 'கந்தசாமி'யில், முருகன் கோயில் மரத்தில் மக்கள் கட்டிவிட்டுப் போகும் வேண்டுதல் சீட்டுகளை எடுத்துப் படித்து ஹீரோ நிறைவேற்றுகிறார். போட்டிருக்கும் வேஷம் சேவல். முருகனின் கொடியில் இருக்கும் அதே சேவல். படத்தைப் பற்றிய கருத்து ஆளுக்கு ஆள் மாறலாம், ஆனால் அந்த ஐடியாவை கோத்தம் நகரத்தில் உட்கார்ந்து யாராலும் யோசித்திருக்க முடியாது. 2012ல் வந்த மிஷ்கினின் 'முகமூடி' குங்ஃபூ பக்கம் போனது.

2023ல் வந்த 'மாவீரன்' இன்னும் நெருக்கமான இடத்திலிருந்து புறப்பட்டது. பேப்பரில் சித்திரத் தொடர் வரையும் பயந்தாங்கொள்ளி ஹீரோ. குடிசைப் பகுதியிலிருந்து மொத்தக் குடும்பங்களையும் அடுக்குமாடிக்கு மாற்றுகிறார்கள். தொட்டால் சுவர் உதிர்கிறது. 2021ல் சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில் சுவர்ப் பூச்சு உதிர்ந்த வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சிகளில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஹீரோவுக்குக் கிடைக்கும் பவர் என்ன? மண்டைக்குள் கேட்கும் ஒரு குரல், அவ்வளவே. அவர் வரைந்த மாவீரன் கதையையே அது அவருக்குச் சொல்கிறது. பறக்கத் தேவையில்லை, ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் வாழ்கிறவர்களுக்கு வேண்டியது பறக்கிற ஆள் இல்லை. தட்டிக்கேட்கிற ஆள்.

பக்கத்து மாநிலத்தில் 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'மின்னல் முரளி'யும் இதே வழிதான். பேசில் ஜோசப் இயக்கம். இடி மின்னலுக்குப் பேர்போன கேரளத்தில் மின்னல் தாக்கிப் பவர் வருகிறது. ஹீரோ ஒரு கிராமத்துத் தையல்காரர், ஆசையெல்லாம் அமெரிக்கா போவதில். அதே இரவில் மின்னல் தாக்கும் இன்னொருவர் டீக்கடையில் வேலை பார்ப்பவர். தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் நடித்த அந்த ஷிபு கதாபாத்திரத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் ஏராளம். ஊர் கேலி செய்த மனிதன், வாழ்நாள் முழுக்க ஒரே பெண்ணுக்காகக் காத்திருந்தவன். ஒரே மின்னல், ஒரே பவர், இரண்டு மனிதர்கள். யார் ஹீரோ, யார் வில்லன் என்பதைத் தீர்மானித்தது அவர்களை ஊர் நடத்திய விதம்.

நீலியை மூன்றாவது முறையாகப் பார்த்தல்

2025 ஆகஸ்டில் வந்த 'லோகா' மலையாளப் படத்தின் வெற்றிக்குப் பிறகு, "நம்ம கிட்ட இந்த மாதிரி கதை இல்லையா?" என்ற பேச்சு தமிழ் ரசிகர்களிடமும் கேட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கதை பாதி நம்முடையதுதான்.

டொமினிக் அருண் இயக்கத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திரா, கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் நவீன வடிவம். கள்ளியங்காடு இருப்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவில் பக்கத்தில். மலையாளத்தில் கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதிஹ்யமாலை'யின் கதைகளோடு சேர்த்து வளர்ந்த நம்பிக்கை அங்கே. தமிழ்நாட்டின் வடக்குப் பக்கத்திலும் ஒரு நீலி இருக்கிறாள். திருவாலங்காடு அருகே உள்ள பழையனூர் நீலி.

பழையனூர்க் கதை பலருக்கும் தெரிந்ததுதான். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகத் திரும்பி வருகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னை விட்டுட்டுப் போறார்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன் அழுகிறாள். அவனோ இவள் பேய் என்கிறான். அவன் உயிருக்கு எதுவும் ஆகாது, ஆனால் நாங்கள் உயிர் தருகிறோம் என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். இரவில் அவன் கொல்லப்படுகிறான். சொன்ன வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். பொய்யாக அழுவதை 'நீலிக் கண்ணீர்' என்று இன்றும் சொல்கிறோமே, அதன் மூலம் இந்தக் கதைதான்.

இந்தக் கதையை முதன்முதலில் மாற்றிப்போட்டவர்கள் இன்றைய சினிமாக்காரர்கள் இல்லை. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யை எழுதிய சமணப் புலவர் எப்போதோ அதைச் செய்துவிட்டார். பழையனூரில் இருந்த பேய் ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தப் போய், அவரிடமே பாடம் கேட்டு, பிறகு ஊர் ஊராகப் போய் மற்ற சமய அறிஞர்களை வாதத்தில் தோற்கடிக்கும் தத்துவவாதியாகிறாள். பேய்க்கு அவர் கொடுத்த சூப்பர் பவர், தர்க்கம். தமிழ் இலக்கிய மாணவர்கள் தேர்வுக்காகப் படித்துவிட்டுக் கடந்துபோகும் இந்த நூலுக்குள் இப்படி ஒரு ரீபூட் இருக்கிறது.

லோகா படக்குழு கேட்ட கேள்வியும் அந்தப் புலவர் கேட்டதற்குத் தூரமில்லை. ஊர் எல்லோரும் பயப்படும் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை எப்படி இருக்கும்? படத்தில் நீலி ஒடுக்கப்பட்ட காட்டுக் குடியின் சிறுமி. அவள் மக்களை அழித்தவர்கள்தான் அவளை யட்சி என்று சொன்னவர்கள். அந்தக் கோபத்தோடு அவள் இன்றைய பெங்களூருவில் நைட் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். இப்படி ஒரு இடமாற்றம் செய்ய ஊர்க்கதை தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அதில் யாருக்கு அநியாயம் நடந்தது என்றும் கேட்கத் தெரிய வேண்டும்.

அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் தமிழ்நாட்டில் ஊருக்கு ஒருவர் கிடைப்பார். இரவில் குதிரையேறி எல்லையைச் சுற்றிவரும் அய்யனார். சாதி மீறிக் காதலித்ததற்காக உயிரை விட்ட காத்தவராயன், சாதி மீறிக் காதலித்த முத்துப்பட்டன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன். இவர்களில் பலர் கொல்லப்பட்ட பிறகு, பயத்தாலோ குற்ற உணர்வாலோ ஊர் கும்பிட ஆரம்பித்த மனிதர்கள். ஹாலிவுட் 'ஆரிஜின் ஸ்டோரி' என்று எதைச் சொல்கிறதோ, அதை வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் கோயில் கொடையில் விடிய விடியப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிரேக்கக் கடவுள்களை எடுத்துக் கதை பண்ணுவது போல இல்லை இது. சுடலை மாடனுக்கு இன்றும் பூசை நடக்கிறது, குடும்பங்கள் இருக்கின்றன. பெயரை அப்படியே எடுத்து முகமூடி மாட்டிவிடுவதை அந்தக் குடும்பங்கள் ரசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கதையின் கருவை, அந்த அநியாயத்தை, எடுத்துக்கொண்டு பெயரையும் ஊரையும் புதிதாக வைத்துக்கொள்வது படைப்பாளிக்கும் அதிக சுதந்திரம் தரும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

இதுவரை பார்த்தவர்களில் பலர் 'புதுசா என்ன பவர்?' என்று தொடங்கவில்லை. தங்கள் ஊரில் யார் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை என்பதிலிருந்து தொடங்கினால் வழி சுலபமாகத் திறக்கும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவர், பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பெண், நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன மீனவர், இரவு பதினோரு மணிக்கு டெலிவரி பையோடு லிஃப்ட் மறுக்கப்படுகிறவர். இவர்களில் ஒருவரின் ஒரு நாளை முழுதாக எழுதிப் பார்த்தால், அவருக்கு என்ன பவர் தேவை என்பது தானாகத் தெரியும். விஷவாயுவை முகரும்போதே உணர்கிற ஒருவர், பறக்கிற பத்து பேரைவிடப் புதியவர்.

அமெரிக்காவிலும் இது இப்போதுவரை வேலை செய்கிறது. 2014ல் தனித் தொடராக வந்த மிஸ் மார்வெல், அதாவது கமலா கான், ஒரு அலுவலகப் பேச்சில் பிறந்தவர். மார்வெலில் எடிட்டராக இருந்த சனா அமானத், நியூ ஜெர்சியில் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணாக வளர்ந்த கதைகளை சக எடிட்டரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பிலிருந்து வந்தவர்தான் கமலா.

உடையையும் இப்படியே யோசிக்கலாம். சென்னை வெயிலில் தோல் கோட்டும் கழுத்துவரை மூடிய கவசமும் போட்டால் வில்லன் வருவதற்குள் ஹீரோ மயங்கிவிடுவார். மின்னல் முரளி முதலில் முகத்தை மறைத்தது வேட்டித் துணியால்தான்.

கண்டுபிடித்த பிறகு: இதை மறக்க வேண்டாம்

ஐடியா வந்ததும் பலருக்கு வரும் பயம், "யாராவது திருடிட்டா?" இதில் சட்டம் சொல்வதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'காப்புரிமை' என்கிறோம். கதை, படம் போன்றவற்றுக்கானது பதிப்புரிமை. கண்டுபிடிப்புகளுக்கான உரிமை வேறு.

வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது. 1978ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கரு, கதைக்களம், வரலாற்று நிகழ்வு எதற்கும் உரிமை கோர முடியாது. அதை ஒருவர் எழுதிய, வரைந்த, அமைத்த விதத்துக்குத்தான் பாதுகாப்பு. அதனால் டீக்கடையில் சொன்ன ஐடியாவுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. எழுதி முடித்த கதைக்கும் வரைந்த உருவத்துக்கும் அது உருவான நொடியிலிருந்தே உரிமை உண்டு. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் தகராறு என்று வந்தால் பதிவும் தேதியும் கைகொடுக்கும்.

நாட்டுப்புறக் கதைகளை எடுப்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான். நீலி கதை பொதுச் சொத்து. அதைத் தொகுத்து ஒருவர் சொந்த நடையில் எழுதிய புத்தகம், அவர் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகளுக்கு அவருடையது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் இடம்தான் முக்கியம். இந்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையை எழுத்துப்பூர்வமாகத்தான் மாற்றிக்கொடுக்க முடியும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற வரி இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு நிறுவனத்துக்காக உருவாக்கினால், வேறு உடன்பாடு இல்லாதவரை நிறுவனமே முதல் உரிமையாளர். உரிமையை விற்ற பிறகும், 'இதை உருவாக்கியது நான்' என்று சொல்லும் உரிமை படைப்பாளியிடம் இருக்கிறது.

அந்தக் கடைசி உரிமைக்கு என்ன மதிப்பு என்பதை பேட்மேனின் கதை சொல்லும். 1939ல் பாப் கேன் முதலில் வரைந்து காட்டியது சிவப்பு உடையும் விறைப்பான இறக்கைகளும் உள்ள ஒரு உருவத்தை. காதுகளோடு கூடிய முகமூடி, இறக்கைக்குப் பதில் நீண்ட அங்கி, கறுப்பும் சாம்பலுமான நிறம் எல்லாம் எழுத்தாளர் பில் ஃபிங்கர் சொன்னவை. ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர் கேன். பேட்மேனை உருவாக்கியவர் என்று அவர் பெயர் மட்டுமே பல பத்தாண்டுகள் அச்சானது. ஃபிங்கர் 1974ல் இறந்தார். அதிகாரபூர்வமாக அவர் பெயர் கேனோடு சேர்க்கப்பட்டது 2015ல்.

'சூப்பர் ஹீரோ' என்ற வார்த்தையே நீண்ட காலம் அமெரிக்காவில் மார்வெல், டிசி நிறுவனங்களின் கூட்டு வணிகக் குறியாக இருந்தது. ஒரு சிறிய காமிக்ஸ் நிறுவனம் எதிர்த்து மனு போட்டது. 2024 செப்டம்பரில் அந்தப் பதிவு ரத்தானது.

கிளீவ்லாந்து பையன்கள் இருவரும் சூப்பர்மேனின் உரிமையை விற்றது 130 டாலருக்கு. பிறகு பல வழக்குகள் நடந்தன. 1975ல் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், 'உருவாக்கியவர்கள்' என்ற பெயரும் கிடைத்தன. 1938ல் கொடுக்கப்பட்ட அந்த காசோலை 2012ல் ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போனது. அதில் எழுதப்பட்டிருந்த இருவரின் பெயரிலும் எழுத்துப் பிழை இருந்தது.